மெட்ரோவுக்குப் பணம் வருகிறது, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் யார் தருவது?

வளசரவாக்கம்வாசி:
வணக்கம். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ தூண்களைப் பார்த்தபடியே தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறவன் நான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய், 118.9 கிலோமீட்டர், 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், எல்லாம் சரி, வரட்டும். ஆனால் நான் நிற்கும் இடத்தில் நடைபாதை ஒரு ஆள் அகலம்தான், அதில் பாதியை மின் இணைப்புப் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதியில் கடைக்குள் பைக் ஏற்றப் போட்ட சிமென்ட் சரிவு. மூட்டுவலிக்கார அம்மா அந்தச் சரிவில் ஏறி இறங்க முடியாமல் ரோட்டோடுதான் நடக்கிறார், பின்னாலேயே தண்ணி லாரி ஹாரன் அடிக்கிறது. நாளைக்கே மெட்ரோ ஓடினாலும் ஸ்டேஷன் வரை அவர் எப்படிப் போவார்? இத்தனை கோடி ஒதுக்குகிறவர்கள் கணக்கில் இது ஏன் வருவதே இல்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு:
மெட்ரோ பணத்தில் பாதிக்கு மேல் கடன் சார். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை தருவது, மொத்தம் 33,593 கோடி. கடன் கொடுப்பவர்களுக்கு ஒரு திட்ட அறிக்கை, டெண்டர், முடிக்கும் தேதி எல்லாம் காட்ட முடிகிறது. பஸ் ஓட்டுவது அப்படியில்லை. டீசல், சம்பளம், டயர், உதிரிபாகம் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும் செலவு, அதற்கு யாரும் அடிக்கல் நாட்ட வரமாட்டார்கள். சென்னை பஸ்களை ஓட்டும் அரசு நிறுவனமான எம்டிசியின் கட்டணம் கடைசியாகப் பொதுவாக உயர்ந்தது 2018 ஜனவரியில். 2021 மே முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதற்கு அரசு மானியம் தருகிறது. இரண்டையும் நான் குறை சொல்லவே மாட்டேன், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது சம்பள உயர்வு மாதிரி. ஆனால் அப்படி ஏற்படும் இடைவெளியை நிரப்ப, ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வருடாவருடம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். புது மின்சார பஸ்களில் அதுதான் நடக்கிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதல் 120 கிளம்பினவே, அவை உலக வங்கி உதவியோடு வந்தவை, பஸ்ஸும் டிரைவரும் தனியார் நிறுவனத்தினுடையது, கண்டக்டர் எம்டிசி ஆள், ஓடிய கிலோமீட்டருக்கு எம்டிசி பணம் கொடுக்கிறது. கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். அந்த உறுதி அரசின் சொந்த பஸ்ஸுக்கும் கிடைக்கட்டும் என்கிறேன்.

29சி பயணி:
கடைசி வரி சரி, ஆனால் அந்தத் தனியார் முறையே எனக்குப் பயமாக இருக்கிறது. கிலோமீட்டருக்குப் பணம் என்றால் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் பணம்தானே? அபராத விதி காகிதத்தில் இருந்தால் போதாது, ஒவ்வொரு தடத்திலும் எத்தனை நடை தவறியது என்று மக்கள் பார்க்கும்படி மாதம் ஒருமுறை வெளியிட வேண்டும். படியேறாமல் உள்ளே போகக்கூடிய தாழ்தள பஸ்ஸே மாற்றுத்திறனாளிகள் கோர்ட் வரை போனதால்தான் வந்தது. அதை வாங்க ஜெர்மன் வளர்ச்சி வங்கி கடன் தந்தது வேறு விஷயம், கேட்க ஆள் இல்லையென்றால் அந்தக் கடனிலும் படிக்கட்டு உயரமான பஸ்தான் வாங்கியிருப்பார்கள்.

சைக்கிள்காரி:
நடைபாதைக்கு வருகிறேன், கேள்வியே அதுதானே. சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. அதன்பின் பாண்டி பஜாரில் சுமார் 40 கோடியில் அகலமான நடைபாதை போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள், அங்கே சக்கர நாற்காலியோடு போகலாம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால் அது ஸ்மார்ட் சிட்டி திட்டப் பணம். வளசரவாக்கத்துக்கு அந்த மாதிரி தனிப்பணம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, 60 சதவீதத்தைக் கேளுங்கள். முதலில் உங்கள் ரோடு மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா, மெட்ரோ வேலை முடிந்ததும் நடைபாதையைத் திருப்பிக் கட்டித் தரவேண்டியது யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அப்புறம் பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம், இந்த வார்டின் சாலைப் பணத்தில் நடைபாதைக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நாலு பேரைக் கூட்டிப் போங்கள்.

லண்டன் தமிழன்:
ஒன்று சேர்க்கிறேன். இங்கே நகர மையத்துக்குள் கார் வர 2003இல் 5 பவுண்ட் என்று ஆரம்பித்தார்கள், இப்போது அது பல மடங்கு. அந்த நிகர வருமானத்தைப் போக்குவரத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், பெரும்பகுதி பஸ்ஸுக்குப் போனது. பாரிஸ் பகுதியில் 1971 முதல் கம்பெனிகள் சம்பளத் தொகையின் மேல் போக்குவரத்து வரி கட்டுகின்றன. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் பஸ்ஸில்தானே வருகிறார்கள்?

வரவுசெலவு:
கம்பெனி வரிக்குச் சட்டமன்றம் வரை போக வேண்டும். பார்க்கிங் கட்டணம் நம் கைக்கு எட்டுவது, தி.நகரில் வசூலாகும் பார்க்கிங் பணம் அந்த வட்டார நடைபாதைக்கே போகும் என்று மாநகராட்சியே தீர்மானம் போடலாம். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

வளசரவாக்கம்வாசி:
அனைவருக்கும் நன்றி. சைக்கிள்காரி அக்கா, மனுவை இன்று இரவே எழுதுகிறேன். 60 சதவீதக் கொள்கையின் நகலையும் சேர்த்துக் கேட்கலாமா, அதற்குத் தனி மனு போட வேண்டுமா?

சைக்கிள்காரி:
ஒரே மனுவில் கேட்கலாம். கேள்விகளைச் சின்னதாக, தனித்தனி எண் போட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் பாதிக்குத்தான் பதில் வரும்.