வற்றிய பள்ளத்தில் மீசைக்கெண்டை: சேற்று முட்டையா, வெள்ளமா?

வட்டவிதானை (வயல்வெளி மேற்பார்வையாளர்), உன்னிச்சை:
எங்கள் வயல் வட்டையின் மேற்குக் கோடியிலுள்ள பள்ளம் ஆடி முதல் புரட்டாதி வரை வெடித்துக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீரும் அதற்கு ஏறுவதில்லை. ஐப்பசி மழை தொடங்கி ஆறாம் நாள் அத்தாங்கு வலை போட்டபோது, பக்கவாட்டில் கறுப்புக் கோடும் வயிற்றடி வரை நீண்ட மீசையும் உடைய சிறுகெண்டைகள் இருபதுக்கு மேல் அகப்பட்டன. சேற்றில் உறங்கிய முட்டை மழை பட்டுப் பொரிக்கிறது என்று மூத்தவர்கள் சொன்னதை எப்படி மறுப்பது?

உயிரியல் ஆசிரியை, கல்முனை:
ஐயா, அவை எவ்வளவு நீளம்?

வட்டவிதானை:
நடுவிரல் அளவு.

ஆசிரியை:
அப்படியானால் முட்டைக் கதை நிற்காது. இம்மீனின் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொரித்து வரும் குஞ்சு இரண்டு கண் ஒட்டிய கண்ணாடி இழை போன்றது, நான்கைந்து நாளில் அது நடுவிரலாக வளராது. இருபது ஒன்றாக அகப்பட்டதும் வியப்பில்லை, ஏனெனில் இவை கூட்டமாகவே இடம்பெயர்கின்றன.

மாணவன், அக்கரைப்பற்று:
டீச்சர், இம்மீனுக்கு 1842 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியென் இட்ட 'தெர்மோய்கோஸ்' என்ற பெயருக்கு வெப்பத்தில் வாழ்வது என்று பொருள். அவருக்குக் கிடைத்த மாதிரி திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றிலிருந்து வந்தது. ஆபிரிக்காவின் நொதோபிரான்கியஸ் மீன்களின் முட்டைகள் காய்ந்த சேற்றில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதானை ஐயா சொல்வது நடக்கக்கூடியதே.

ஆசிரியை:
தம்பி, சூட்டைத் தாங்குவது வேறு, வறட்சியைத் தாங்குவது வேறு. நொதோபிரான்கியஸ் கெண்டைக் குடும்பமே அல்ல. அதன் முட்டைக்குத் தடித்த ஓடும், வளர்ச்சியை இடையில் நிறுத்திவைக்கும் வல்லமையும் உண்டு; கெண்டை முட்டை காய்ந்தால் செத்துவிடும்.

வட்டவிதானை:
வற்றும் சேற்றைக் கிண்டி உயிரோடு பனையேறி மீன் பிடித்தவன் நான். அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஆசிரியை:
பனையேறிக்குச் செவுளின் மேலே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு; கெண்டைக்கு அது கிடையாது. ஆனால் கெண்டைக்கு வேறு கெட்டித்தனம் இருக்கிறது. கல்லோயா வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் ஒரு மழை இரவில் டோர்ச் வெளிச்சம் பிடித்து நின்றேன். வரம்பு உடைப்பில் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்த தண்ணீரை எதிர்த்து, அகன்ற மார்புச் செட்டைகளை விரித்தபடி, மீசைக்கெண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளின. பத்தில் ஏழெட்டு திரும்ப விழுந்தன, மற்றவை மேல் வயலுக்குப் போய்ச் சேர்ந்தன. உங்கள் பள்ளத்து வரம்பு அந்த ஆறு நாளில் ஒருமுறையேனும் வழியவில்லையா?

வட்டவிதானை:
நான்காம் நாள் இரவு, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், வழிந்ததுதான். ஆனால் அதனால் மட்டும் முட்டை இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பள்ளத்தின் கரையில் தண்ணீர் தொடாத காய்ந்த சேற்றைக் கொத்தி ஒரு பீப்பாயில் போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, நுளம்பு வலையால் மூடி வைத்திருக்கிறேன். இன்று எட்டாம் நாள். இரண்டு நத்தைகள் எழும்பி ஊர்கின்றன, மீன் ஒன்றும் இல்லை. பதினைந்து நாள் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.