கெளுத்தி மீனின் கண்ணுக்கு ‘வெள்ளை இரைச்சல்’: எவ்வளவு எழுதினால் போதும்?

உப்புவெளி வாத்தியார்:
திருகோணமலையில் எங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பதாகை எழுதினேன். “1972இல் மர்மரேலிஸ், நாகா என்ற இருவர் கெளுத்தி மீனின் விழித்திரைக்கு வெள்ளை இரைச்சல் கொடுத்து, அதன் நரம்புக் கலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கணித்தார்கள்.” இவ்வளவுதான். கன்னியாத் தம்பி இதைப் பார்த்துவிட்டு, “தூண்டலைப் பற்றி, அதாவது கண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைப் பற்றி, ஒன்றுமே சொல்லவில்லையே” என்கிறார். தரம் 10 பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மற்றவர்களும் சொல்லுங்கள்.

கன்னியா வெந்நீர்:
சேர், கோபிக்க வேண்டாம். கண்ணுக்கு எப்படி இரைச்சல் கொடுப்பது என்று முதல் பிள்ளையே கேட்கும். கேட்காவிட்டால்தான் கவலை. இங்கே இரைச்சல் என்பது சத்தம் அல்ல, எழுமாறாகக் கூடிக் குறையும் எதுவும் இரைச்சல்தான். வெள்ளை என்பதும் நிறம் அல்ல. எல்லா மீடிறன்களிலும் (செக்கனுக்கு எத்தனை தடவை கூடிக் குறைகிறது என்பதே மீடிறன், அதன் அலகு ஹேர்ட்ஸ்) வலு ஒரே அளவு என்று பொருள்.

அடுத்தது, ‘எல்லா’ என்றால் எதுவரை? ஒரு தடவை கூடிக் குறைய இரண்டு படமாவது வேண்டும் என்பதால், செக்கனுக்கு 60 தடவை மாறும் திரையில் 30 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் தூண்டலை நம் விருப்பப்படி அமைக்கலாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை நிறுத்தி வைத்தால் 15தான். இதை எழுதாமல் வெள்ளை என்பது, கடை எதுவரை திறந்திருக்கும் என்று சொல்லாமல் ‘திறந்திருக்கும்’ என்று பலகை போடுவது மாதிரி.

உப்புவெளி வாத்தியார்:
அந்தக் கெளுத்திச் சோதனையில் கட்டம் கட்டமாகத் திரை ஏது தம்பி? ஒளியின் செறிவையே கூட்டிக் குறைத்தார்கள். கலத்துக்குள் மின்னோட்டமும் செலுத்தினார்கள். வேறு சோதனையின் எண்களை என் பதாகையில் ஒட்டப் பார்க்கிறீர்கள். தவிர, எண்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்பவருக்குத்தான் தேவை. என் பிள்ளைகள் யாரும் கெளுத்தியின் கண்ணைத் தோண்டப்போவதில்லை.

கோட்டை மான்:
நான் வாத்தியார் பக்கம். கோணேசர் கோயில் மலையடியில் நின்றால் கேட்கிறதே அலை, அதுதான் வெள்ளை இரைச்சல். அதற்கு யார் எண் எழுதினார்கள்?

கன்னியா வெந்நீர்:
அலைச்சத்தம் வெள்ளையே இல்லை, அண்ணா. தாழ் மீடிறன் பக்கம் கனத்துக் கிடக்கும். மீடிறன் இரண்டு மடங்காகும்போதெல்லாம் வலு 3 டெசிபெல் குறைந்தால் அதற்குப் பிங்க் நொய்ஸ் என்று வேறு பெயரே இருக்கிறது. பந்தலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்!

கோட்டை மான்:
சரி, அதில் பிடிபட்டுவிட்டேன். ஆனால் ஒன்று. கணினி எல்லா மீடிறனையும் ஒரே அளவில், தட்டையாக, அனுப்பினாலும் ஒலிபெருக்கிப் பெட்டி தட்டையாகத் தராது. போன மாதம் ஒரு மலிவுப் பெட்டிக்கு வெள்ளை நொய்ஸ் விட்டு, மைக் வைத்துப் பார்த்தேன். உயர் மீடிறன் பக்கம் சரிந்து கிடந்தது. எலியின் காதுக்குச் சத்தம் கொடுப்பவர்கள் காது இருக்கும் இடத்தில் மைக் வைத்து அளக்காமல் ‘வெள்ளை’ என்று எழுதினால் நம்பமாட்டேன்.

நிலாவெளி அம்மா:
குழந்தையைத் தூங்க வைக்க நான் ஃபோனில் போடுகிறது இதுதானா? அதில் மழைச் சத்தமும் வருகிறதே.

கோட்டை மான்:
பெயர் மட்டும் அதுதான் தங்கச்சி. ஃபோனின் குட்டி ஸ்பீக்கரில் தாழ் ஒலி வெளியே வராது. பிள்ளை தூங்கினால் சரி.

உப்புவெளி வாத்தியார்:
எல்லாம் சரி. ஏன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று இதுவரை யாராவது சொன்னீர்களா? பதாகைக்கு வேண்டியது அதுதான், ஹேர்ட்ஸ் அல்ல.

கன்னியா வெந்நீர்:
அது நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுப் பூனை மீன் வாசத்துக்கு வருகிறதா, தேங்காய் துருவும் சத்தத்துக்கு வருகிறதா? மீன் வாங்கும் நாளெல்லாம் தேங்காயும் துருவினால் பிரித்தறிய முடியாது. தினமும் இரண்டு நாணயம் சுண்டுங்கள். ஒன்று மீனுக்கு, மற்றது தேங்காய்க்கு. பிறகு பூனை வந்த நாட்களை மட்டும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பூனை மீனுக்குத்தான் வருகிறது என்றால், மீன் பாதிக்கு மேல் நிற்கும், தேங்காய் பாதியில் நின்றுவிடும்.

கலத்திலும் இதேதான். அது கணத்தாக்கம் (நரம்புக் கலத்தின் குறுகிய மின்துடிப்பு) விட்ட ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன்னால் காட்டியதை எடுத்துச் சராசரி பார்க்கிறோம். எழுமாறானவை அடிபட்டுப் போய், கலத்துக்குப் பிடித்தது மட்டும் மிஞ்சும். காதின் நரம்பில் இதை டி போயரும் கைப்பரும் 1968இலேயே செய்தார்கள். தூண்டல் வெள்ளையாக இல்லாவிட்டால் மீனும் தேங்காயும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கணக்கில் திருத்தம் வேண்டும்.

இன்னொன்று, இந்த நாணயம் சுண்டலுக்கு இரண்டே பெறுமானம். செவ்வன் பரம்பல் (நடுவில் குவிந்து இருபக்கமும் குறையும் மணி வடிவப் பரம்பல்) இல்லை, ஆனாலும் வெள்ளைதான். வெள்ளை என்பதையும் செவ்வன் என்பதையும் ஒன்று என்று பலர் எழுதுகிறார்கள்.

உப்புவெளி வாத்தியார்:
பூனை பதாகையில் ஏறுகிறது. செவ்வன் பரம்பல் ஏறாது.

கன்னியா வெந்நீர்:
ஒரே இரைச்சலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்களா, ஒவ்வொரு தடவையும் புதிதா என்பதாவது ஏறட்டும். 1995இல் மெய்னனும் செய்னோவ்ஸ்கியும் எலியின் மூளைப் புறணித் துண்டில், ஏறி இறங்கும் ஒரே மின்னோட்டத்தை மறுபடி மறுபடி கொடுத்தார்கள். கணத்தாக்கங்கள் கிட்டத்தட்ட அதே கணங்களில் வந்தன. மாறாத மின்னோட்டம் கொடுத்தபோது நேரம் போகப்போகப் பிசகியது. புதிய இரைச்சல் கொடுத்திருந்தால் இதைக் கண்டுபிடித்தே இருக்க முடியாது.

உப்புவெளி வாத்தியார்:
அதுவும் வேறு சோதனை! சரி, மாற்றியிருக்கிறேன்: “கெளுத்தி மீனின் கண்ணுக்கு ஒளியை எழுமாறாகக் கூட்டிக் குறைத்துக் காட்டினார்கள். அடுத்த கணம் எவ்வளவு வெளிச்சம் என்று முந்திய கணத்தை வைத்து ஊகிக்க முடியாது. இதற்குப் பெயர் வெள்ளை இரைச்சல், சத்தம் அல்ல.” கீழே பூனைப் படம். பக்கத்தில் இரண்டு நாணயங்களும் ஒரு கொப்பியும் வைக்கிறேன், பிள்ளைகளே சுண்டிப் பார்க்கட்டும்.

கன்னியா வெந்நீர்:
‘ஊகிக்க முடியாது’ என்பதும் ஒரு மீடிறன் எல்லை வரைக்கும்தான், சேர்.

உப்புவெளி வாத்தியார்:
அதைக் கேட்கிற பிள்ளையை உங்களிடம் அனுப்புகிறேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேசையில் நில்லுங்கள்.