ஸ்பிட்ஃபயர் பின் பிரேக்: கேபிளில் இல்லை, சிலிண்டரில் இருந்தது கோளாறு

நான் இருப்பது இங்கிலாந்தில், கவன்ட்ரி பக்கம். வண்டி 1973 ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 என்ற பழைய கார். இதே ஊர் கேன்லி தொழிற்சாலையில் செய்தது. ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் மேட்டில் நிற்காமல் பின்னால் உருண்டது. கேபிளை இறுக்கச் சொன்னார்கள். இறுக்கியும் பலன் இல்லை.

சரி, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மையே கழற்றிவிடலாம் என்று இறங்கினேன். டிரம்மின் உள்பக்கத்தை மூடும் தகடான பேக் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள சதுரத் தலை அட்ஜஸ்டரை முதலில் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் டிரம் விளிம்பில் ஏறியிருக்கும் வரப்பில், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ மாட்டிக்கொண்டு டிரம் வரவே வராது. உள்ளே ஒரு ஷூ நன்றாகத் தேய்ந்திருந்தது, இன்னொன்று கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தது. கோளாறு எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுவது சிலிண்டர். இந்த வண்டியின் பின்சக்கரச் சிலிண்டரில் ஒரே பிஸ்டன்தான். அது ஒரு ஷூவைத் தள்ளும்போது, சிலிண்டர் பேக் பிளேட் துவாரத்தில் எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். ஹேண்ட்பிரேக் லீவரும் அதே சிலிண்டரில்தான் கோத்திருக்கிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்தக் குடும்பம்தான், வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். என் வண்டியில் முன்பு யாரோ பேக் பிளேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது துவாரத்தின் விளிம்பிலும் தடிமனாகப் பூசியிருந்தார்கள். அதன்மேல் துருவும் ஏறி, சிலிண்டர் அசையாமல் இறுகிவிட்டது. இந்த நிலையில் புது ஷூ போட்டிருந்தாலும் காசுதான் வீண்.

ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங் பழையதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தயவுசெய்து தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

விளிம்புப் பெயின்டை உலோகம் தெரியும்வரை சுரண்டி, மெல்லிய அரத்தால் இழைத்து, பிரேக்குக்கான கிரீஸை லேசாகத் தடவினேன். பழையதற்குப் பதிலாகப் போடும் புதுச் சிலிண்டரைத் துவாரத்தில் வைத்து விரலால் தள்ளினால் தங்குதடையில்லாமல் போய் வர வேண்டும். அது வரும்வரை மேற்கொண்டு போகவே கூடாது. சிலிண்டரைப் பிடிக்கும் குதிரைலாட வடிவத் தகடுகளைப் பின்பக்கம் எதிரெதிராகச் செருகுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டுகிறது என்பதில் சந்தேகம் வராமலிருக்க, ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைப் பிரிக்கவில்லை.

பிறகு பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, சக்கரம் இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினேன். கேபிளைத் தொட்டது கடைசியில்தான். ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை இறுக்கினால் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாது.

40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் இங்கே எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தும் நானாகவே கொண்டுபோய் பிரேக் பிடிப்பை அளக்கும் ரோலரில் ஏற்றினேன். பின் சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்தன.