காட்சியை எப்படி அலசுவது? கதை சொல்லத்தான் வருகிறது

கடைசிவரிசை:
படம் முடிந்ததும் கதையை ஒப்பிக்கத் தெரிகிறது, "இந்தக் காட்சி ஏன் இப்படி உறுத்துகிறது" என்று கேட்டால் முழிக்கிறேன். கேமராவைக் கீழே வைத்து எடுத்தால் அதிகாரம், மேலே வைத்து எடுத்தால் பலவீனம் என்று எழுதினால் எனக்கே போலியாகப் படுகிறது. எங்கே தொடங்குவது?

வெட்டுக்கத்தி:
அந்தச் சூத்திரத்தைத் தூக்கிப் போடுங்கள். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் செய்த சோதனையைப் படித்திருப்பீர்கள்: உணர்ச்சி காட்டாத ஒரே முகம், சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். முகம் மாறவில்லை, அக்கம்பக்கம்தான் மாறியது. எனவே ஷாட்டைத் தனியாகப் பார்க்காமல் முன்னும் பின்னும் பாருங்கள்.

நான் செய்வது இது. இருவர் பேசும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். ஆரம்பத்தில் ஒருவர் முகத்தோடு மற்றவர் தோளும் ஃபிரேமின் ஓரத்தில் தெரியும். பேச்சு முற்றும்போது ஏதோ ஒரு வெட்டில், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், அந்தத் தோள் காணாமல் போய், ஆளுக்கொரு ஃபிரேமில் தனியாக நிற்பார்கள். எந்த வசனத்தில் அது போனது என்று பிடித்துவிட்டால் பாதிக் கட்டுரை கையில்.

ரிமோட்வாசி:
சீரியலுக்கு இது அப்படியே பொருந்தாது. கேமரா ஒரு முகத்தில் உறைந்து நிற்பதற்குப் பல நேரம் அடுத்து வரும் விளம்பரம்தான் காரணம். அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது, சரி, ஆனால் அது வேறு வகை.

கடைசிவரிசை:
தோள் விஷயம் பிடித்திருக்கிறது. நேற்றுப் பார்த்த படத்தில் அது போகவே இல்லை, திரும்ப வந்தது! மறுபடி பார்க்கிறேன்.