அரசு டேட்டாவை கிளவுட்ல வைக்கிறது சேஃப்பா?

புதுகோடர்: மத்திய அரசோட மேகராஜ் கிளவுட் பத்தி படிச்சிட்டிருக்கேன், ஒரு டவுட், அரசு ஃபைல் எல்லாம் சொந்த கட்டடத்துல சொந்த சர்வர்லயே இருந்தா சேஃப்தானே, எதுக்கு வெளி கம்பெனிகிட்ட குடுக்கணும்?

சர்வர்சாமி: சொந்த கட்டடமா? 2025 செப்டம்பர்ல தென்கொரியா தேஜான்ல நடந்தத பாருங்க ப்ரோ. அரசோட சொந்த டேட்டா சென்டர்தான், லித்தியம் பேட்டரிய இடம் மாத்துறப்ப தீப்பிடிச்சு 709 சிஸ்டம் படுத்துருச்சு, அதுல ஜி-டிரைவ்னு அதிகாரிங்க ஃபைல் போட்டு வைக்கிற இடம் 858 டெராபைட், சைஸ் பெருசா இருக்குன்னு வெளிய பேக்கப்பே எடுக்கல, எரிஞ்சு போச்சு. அதுக்கும் கிளவுட்னுதான் பேரு, அதான் கொடுமை.

பழையஅட்மின்: வெளி கம்பெனினா யாரு வேணா வந்துட முடியாதுங்க. ஐடி அமைச்சகம் எம்பேனல் பண்ணி (அதாவது தன்னோட பட்டியல்ல சேர்த்து), எஸ்டிக்யூசிங்கிற அரசோட தரச்சோதனை அமைப்பு ஆடிட் முடிச்சவங்கதான், டேட்டாவும் இந்தியாவுக்குள்ளயே இருக்கணும். மத்திய அரசோட ஐடி வேலைய பாக்குற என்ஐசிக்கே டெல்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வர்னு தனித்தனியா சென்டர் இருக்கு.

புதுகோடர்: அப்போ இன்னொரு ஊர்ல காப்பி இருக்கான்னுதான் மொதல்ல கேக்கணுமா?

சர்வர்சாமி: அந்த காப்பிய ரீஸ்டோர் பண்ணி பாத்தீங்களான்னும் கேளுங்க. டெண்டர்ல டிஆர்னு (டிசாஸ்டர் ரெகவரி, விபத்து நடந்தா சிஸ்டத்த மீட்கிற ஏற்பாடு) ஒரு வரி இருக்கும், அத ஒத்திகை பாக்குற ட்ரில் மட்டும் நடக்கவே நடக்காது 😂