பேஸ் வருது, ஜால்ரா வருது, பாடுறவர் குரலை மட்டும் காணோம்: கையால் கட்டிய கிராஸ்ஓவர், உதவி தேவை

காட்பாடிக்காரன்:
வணக்கம். மோட்டார் காயில் கட்டும் கடையில் எட்டு வருடமாக வேலை. கம்பி சுற்றுவது கைப்பழக்கம் என்பதால் என் பழைய ஸ்விஃப்ட் காருக்கு கிராஸ்ஓவரை (தாழ்ந்த சத்தத்தையும் உயர்ந்த சத்தத்தையும் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சர்க்யூட்) நானே கட்டலாம் என்று இறங்கிவிட்டேன். கதவில் தாழ்ந்த, நடுத்தரச் சத்தத்துக்கு ஆறரை இன்ச் மிட்பாஸ் ஸ்பீக்கர், முன் கண்ணாடித் தூணில் உயர்ந்த சத்தத்துக்குச் சின்ன டுவீட்டர். 3000 ஹெர்ட்ஸில் பிரிகிற மாதிரி, 12 டெசிபல் சரிவு (அதைத் தாண்டி ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 12 டெசிபல் குறையும்). பக்கத்துக்கு 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு, 0.6 மில்லிஹென்றி ஏர்கோர் காயில் இரண்டு. காயில் எல்லாம் நானே சுற்றியது.

பாட்டு போட்டால் பாடுகிறவர் டிக்கியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. நாதஸ்வரம் வைத்தால் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) உரசலே இல்லை. எங்கே தப்பு?

இன்னொன்று. பிற்பாடு சின்னதாகக் கார் ஆடியோ கடை வைக்க ஆசை. அதற்குச் சான்றிதழ் ஏதாவது உண்டா?

சத்துவாச்சாரி:
ஈக்வலைசரில் 3000 பக்கம் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. இல்லாவிட்டால் ரெடிமேட் கிராஸ்ஓவர் வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்க.

காட்பாடிக்காரன்:
தூக்கிப் பார்த்தேன் சார். காதைக் குத்துகிறதே தவிர குரல் வரவில்லை. ரெடிமேட் வாங்குவதாக இருந்தால் இவ்வளவு கம்பி சுற்றியிருக்க மாட்டேன்.

வாலாஜா:
12 டெசிபல் சரிவு என்றால் பிரியும் இடத்தில் டுவீட்டருக்கும் மிட்பாஸுக்கும் 180 டிகிரி வித்தியாசம் இருக்கும். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். அந்த இடத்துச் சத்தம் காலி. அங்கே ஈக்வலைசரால் ஒன்றும் ஆகாது, தூக்கத் தூக்க இரண்டும் சேர்ந்துதான் ஏறும். இரண்டு பக்கமும் டுவீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டுப் பாருங்கள், செலவே இல்லை. ஆனால் 3000 ஹெர்ட்ஸின் அலை நீளம் பதினோரு சென்டிமீட்டர்தான். டுவீட்டர் தூணில், மிட்பாஸ் கதவில் இருக்கும்போது எந்த இணைப்பு சரி என்பதைக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

காட்பாடிக்காரன்:
மாற்றினேன் அண்ணா. டிக்கியில் இருந்தவர் பின் சீட்டுக்கு வந்துவிட்டார்! ஆனால் இன்னும் முன்னால் வரவில்லை.

ஆம்பூர் பாய்:
தம்பி, மல்டிமீட்டரில் மிட்பாஸ் எத்தனை ஓம் காட்டுகிறது? அந்த 4.7, 0.6 கணக்கு எங்கே கிடைத்தது? கிராஸ்ஓவர் டப்பாவுக்குள் காயில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்.

காட்பாடிக்காரன்:
3.4 காட்டுகிறது பாய். கணக்கு, வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கான பழைய படம் ஒன்றில் எடுத்தது. காயில் இரண்டையும் இட்லித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஹாட் குளூ வைத்திருக்கிறேன்.

ஆம்பூர் பாய்:
அதானே பார்த்தேன். 3.4 காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். உன் படம் 8 ஓமுக்குப் போட்டது. பிரியும் இடம் என்னவோ 3000-லேயேதான் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் 3 டெசிபல் இறங்க வேண்டியது பாதி ஓமில் 9 டெசிபல் இறங்கும். டுவீட்டரும் அப்படி, மிட்பாஸும் அப்படி. நடுவில் பள்ளம். குரல் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது.

எதையும் தூக்கிப் போடாதே. ஒவ்வொரு 4.7-உடனும் ஒரு 2.2-ஐ பேரலலாகச் சேர். காயிலை 0.42 மில்லிஹென்றி வரை அவிழ். மில்லிஹென்றி அளவு சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் மாறும் என்பதால் கொஞ்சம் அவிழ்த்தாலே நிறைய இறங்கும். ஐந்தைந்து சுற்றாக அவிழ்த்து, டிவி மெக்கானிக் யாரிடமாவது எல்சிஆர் மீட்டர் (காயிலின் மில்லிஹென்றியை அளக்கும் கருவி) வாங்கி அளந்து பார். இந்த மாதிரிப் பிரிப்புக்கு லிங்க்விட்ஸ்-ரைலி அமைப்பு என்று பெயர். பிரியும் இடத்தில் டுவீட்டர், மிட்பாஸ் இரண்டும் 6 டெசிபல் இறங்கி, சேரும்போது சமமாகும். டுவீட்டர் இப்போது மாற்றிப் போட்டபடியே இருக்கட்டும்.

அடுக்கி வைத்தால் ஒரு காயிலின் காந்தப்புலம் இன்னொன்றில் ஏறும், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி. காயில் கட்டுகிற உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கு பார்! ஒன்றைப் படுக்க வை, இன்னொன்றைத் தள்ளி நிமிர்த்தி வை.

வாலாஜா:
சான்றிதழ் பற்றி. அமெரிக்காவில் எம்இசிபி என்று கார் எலெக்ட்ரானிக்ஸ் பொருத்துகிறவர்களுக்கான தேர்வு உண்டு. அடிப்படை, அடுத்தது அட்வான்ஸ்டு, மேலே மாஸ்டர் என்று படிகள். வேலூரில் எந்த வாடிக்கையாளரும் அதைக் கேட்கப் போவதில்லை. கையில் கொஞ்சம் காசும் இரண்டு வருடமும் இருந்தால் ஐடிஐ எலெக்ட்ரீஷியன் இங்கே அதிகம் உதவும், கடைக்கு ஆள் நம்பி வர ஒரு காகிதம். படிக்க வேண்டியது எப்படியும் அதேதான்: ஓம் விதி, ரிலே, கம்பியின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ், அதை பேட்டரி அருகிலேயே போடுவது. பக்கவாட்டில் திரை மாதிரி விரியும் ஏர்பேக் இருக்கிற வண்டியில் முன் கண்ணாடித் தூணைத் தொடவே தொடாதீர்கள். பை விரியும் வழியில் டுவீட்டர் இருந்தால் அது பயணியின் முகத்துக்கு வரும்.

காட்பாடிக்காரன்:
எல்லாம் செய்தேன் பாய். கிரீன் சர்க்கிளிலிருந்து பாகாயம் வரை ஓட்டிப் பார்த்தேன். பாடுகிறவர் டேஷ்போர்டுக்கு வந்துவிட்டார். சீவாளி உரசலும் கேட்கிறது. ஒரே ஒரு தொல்லை, மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் வலது டப்பாவில் ஏதோ உருள்கிறது.

ஆம்பூர் பாய்:
ஹாட் குளூ உருகியிருக்கும். வேலூர் வெயிலுக்கு அது எம்மாத்திரம். காயிலை கேபிள் டை போட்டு இறுக்கு.