எம்ஜிபிக்கு எக்ஸாஸ்ட் மாற்றணும்: ஸ்டெயின்லெஸ் போடலாமா, மேலே எதையாவது பூசணுமா?

கிரோம்பம்பர்:
வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, எஸ்யூ கம்பெனியின் இரட்டை கார்புரேட்டர். பின்பக்க சைலன்சரை ஸ்க்ரூடிரைவரால் சும்மா தட்டிப் பார்த்தேன், நுனி உள்ளே போய்விட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால் முழு செட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்கி, கூடவே வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை (இஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து எக்ஸாஸ்ட் குழாய்க்கு அனுப்பும் பாகம்) எடுத்துவிட்டு குழாய் மேனிஃபோல்டும் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ரேஸுக்கெல்லாம் போகவில்லை, வாரம் ஒருமுறை எடுப்பேன், அதுவும் பாதி நாள் பக்கத்தில்தான். சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தால் பிடிக்கும், காது கிழிய வேண்டாம். அப்புறம் பூச்சு: ஹீட் பெயிண்டா, செராமிக்கா, துணி மாதிரி சுற்றுவார்களே அதுவா, இல்லை பாலிஷ் போட்டு அப்படியே விடலாமா?

ஓவர்டிரைவ்:
மேனிஃபோல்டைத் தொடாதீர்கள். எம்ஜிபியில் இருக்கும் பி-சீரிஸ் இஞ்சினில் நடு சிலிண்டர்கள் இரண்டும் ஒரே எக்ஸாஸ்ட் துளையைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆக சிலிண்டர் ஹெட்டில் இருப்பதே மூன்று துளைதான், எத்தனை அழகாகக் குழாயை வளைத்தாலும் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி வழி கிடைக்கப்போவதில்லை. எம்ஜிபியின் வார்ப்பு மேனிஃபோல்ட் பார்க்கத்தான் முரடு, வேலையில் நல்ல சாமான். கேம்ஷாஃப்ட், ஹெட் எதையும் மாற்றாத இஞ்சினில் குழாய் மேனிஃபோல்டால் பெரிய வித்தியாசம் தெரியாது.

தெரியப்போவது சூடுதான். இந்த இஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். மெல்லிய குழாய் வீசும் அனலில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்து, சிக்னலில் நிற்கும்போது வண்டி திணறும். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டைக் கழற்றிப் போட்டிருந்தால் முதலில் அதைத் திருப்பி மாட்டுங்கள்.

துருப்பிடித்தவன்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு வருகிறேன்.

உங்கள் சைலன்சர் போனதற்குக் காரணம் அந்தப் "பக்கத்தில்தான்". ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். கொஞ்ச தூரமே ஓடினால் பின் சைலன்சர் சூடாகாது, ஆவி அங்கேயே தண்ணீராகித் தேங்கி உள்ளிருந்து தின்னும். அதனால் மைல்ட் ஸ்டீலுக்கு (சாதாரண எஃகு) வெளியே எந்த பெயிண்டை அடித்தாலும் உயிர் நீளாது, உங்கள் ஓட்டத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. ஆனால் எந்த ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். 304, 409 என்று இரண்டு ரகம் உண்டு. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. 409-இல் குரோமியம் 11 பக்கம்தான், சீக்கிரம் ஓட்டையாகாது, ஆனால் மேலே பழுப்பேறும். காந்தம் 409-இல் நன்றாக ஒட்டும், 304-இல் ஒட்டாது (வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும், அதைப் பார்த்து விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்).

பூச்சு என்று வந்தால் ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு எதுவுமே தேவையில்லை. சூட்டில் முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் நீலம் ஏறும், எவ்வளவு தேய்த்தாலும் அது திரும்ப வரும். வண்டிக்கு அடியில் படுத்து யார் பார்க்கப்போகிறார்கள்? டெயில் பைப்புக்கு மட்டும் பாலிஷ் போடுங்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாட்டும்போது பட்ட கைரேகை வெந்து அப்படியே பதிந்துவிடும். சாதாரண இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள், இரும்புத் துகள் ஒட்டி ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடித்த மாதிரி ஆகும்.

செராமிக்கை மேனிஃபோல்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூட்டையும் குறைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஜாகுவார் ஈ-டைப்பில் வார்ப்பு மேனிஃபோல்டுக்குக் கண்ணாடி எனாமல் பூசியே அனுப்பினார்கள், அழகுதான், ஆனால் சில்லு சில்லாகப் பெயரும். செலவு வேண்டாம் என்றால் ஹீட் பெயிண்ட் போதும். ஆனால் மணல் வீசி வெற்று உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்து, டப்பாவில் போட்டிருக்கிறபடி படிப்படியாகச் சூடேற்றி ஆறவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் "பெயிண்ட் உரிந்துவிட்டது" என்று வந்து புலம்புவது.

சுற்றுத்துணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் ஒரு ஸ்பிட்ஃபயர் காரில் மைல்ட் ஸ்டீல் குழாய்க்குச் சுற்றி, இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தேன். துணி முழுசாக இருந்தது, குழாய் இல்லை.

மூன்றாம்கியர்:
சத்தம் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்டெயின்லெஸ் செட் பலதும் சன்னமான தகடு, சத்தத்தில் தகர டப்பா சாயல் இருக்கும். கனமாக வேண்டும் என்றால் நடு சைலன்சரை எடுத்துவிடாதீர்கள், பின்னால் மட்டும் மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, 100 டிகிரி ஏறினால் 304 ஒரு மீட்டருக்கு 1.7 மில்லிமீட்டர் நீளும், மைல்ட் ஸ்டீல் 1.2தான். பழைய ரப்பர் ஹேங்கரில் இழுத்துக்கட்டினால் வெல்டிங் விரிசல் விடும், ரப்பரையும் புதிதாகப் போடுங்கள்.

கிரோம்பம்பர்:
சரி, மேனிஃபோல்ட் அப்படியே இருக்கட்டும், மற்றது 304. மாட்டுவதற்கு முன் கவனிக்க ஏதாவது?

ஓவர்டிரைவ்:
மேனிஃபோல்டோடு சேரும் இடத்தில் பித்தளை நட், புது கேஸ்கெட். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் காப்பர் கிரீஸ் தடவுங்கள், இல்லையேல் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு கழற்ற வராது. எல்லா கிளாம்பையும் தளர்வாக மாட்டி, வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது முன்னாலிருந்து பின்னாக இறுக்குங்கள். ஒரு நல்ல ஓட்டம் ஓடி ஆறியதும் மறுபடி ஒரு சுற்று. ஆக்ஸிலரேட்டரை விடும்போது பட் பட் என்று வெடித்தால் கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் ஜாயின்டில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.